ஹெர் விமலநாதனுக்கு ஆட்சேபணை இல்லை

ஜேர்மனியின் எசன் நகரத் தமிழ்ச் சனத்துக்குள் குணேஸ்வரியைத் தெரிந்தவர்கள் அவளுடைய கோபத்தையும் தெரிந்து வைத்திருந்தார்கள். தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் பிரமுகர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நடனத்துக்கு உடுத்திக்கொண்டு நின்ற சின்னப் பிள்ளைகள் நித்திரையாகி விழத் தொடங்கியபோது, மேடையேறி ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கியவள் அவள்தான். 'கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும்' என்று சனம் பின்னால் சமாதானம் சொல்லிக்கொள்ளும். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொன்னால் அதற்கும் கோபம் வரும்.

நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு வந்த கோபங்களில் முக்கால்வாசி வரவேண்டிய கோபங்கள்தான். கிழக்கு பெர்லின் வழியாக 1984இல் வந்து இறங்கியபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஒரு வருடம் முன்னால் வந்திருந்த புருஷன் விமலநாதன் அகதி முகாமின் வாசலில் ஒரு கடன்வாங்கிய குளிர்கோட்டோடு நின்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் துடைத்தாள், ஹோட்டலில் கட்டில் விரித்தாள். முப்பத்தைந்து வயதில், 'இனி என்னத்துக்கு இது' என்று மற்றப் பெண்கள் கேட்கக் கேட்க, பிள்ளை வயதுப் பெட்டைகளோடு ஒரே வகுப்பில் இருந்து அவுஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்பயிற்சி படித்துத் தாதியானாள். இப்போது கழுத்தும் முதுகும் முறிந்தவர்களைப் பார்க்கும் பிரிவில் வேலை. அந்தப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு உலகத்தின் மேல் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இந்தக் கதையில் வரும் கோபம் ஒரு கடிதத்தால் வந்தது. 2005 மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வீட்டுக்கு வரும் கடிதங்களை உடைத்து வாசிப்பது குணேஸ்வரியின் பொறுப்பு. வரியோ வாடகையோ, விமலநாதன் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைக்கு மேலால் அவள் பக்கம் தள்ளிவிடுவார். மோட்டார்ப் பந்தயக் கழகத்தின் கடிதத்தையும் அப்படித்தான் தள்ளிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அது கழகத்தின் ஆண்டுக் கூட்ட அறிக்கை என்பது பாவம், அவருக்குத் தோன்றவில்லை.

ஏழாவது விடயத்தில் குணேஸ்வரியின் கண் நின்றது. 'தலை, கழுத்துக் காப்பு அணிவதை இந்த வருடத்திலிருந்து கட்டாயமாக்கும்படி கழகத்தின் முதலுதவியாளர் கொண்டுவந்த தீர்மானம். ஓட்டுநர்கள் சிலரின் எதிர்ப்பைத் தலைவர் வாசித்தார். அவரவர் விருப்பத்துக்கு விடுவதில் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஹெர் விமலநாதனுக்கு ஆட்சேபணை இல்லை. ஆதரவு பதின்மூன்று, எதிர்ப்பு பதினைந்து. தீர்மானம் தள்ளுபடி.'

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் உரக்க வாசித்தாள். விமலநாதனின் கை கோப்பையோடு பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஆட்சேபணை இல்லையோ?" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கழகம் நடத்தியது மண்தடத்துப் பந்தயம். இரும்புக் குழாயால் செய்த ஒரு கூடு, அதற்குள் ஓர் இருக்கை, ஓர் எஞ்சின், வெளியே துருத்திக்கொண்டு நாலு சில்லு. அமெரிக்காவில் இதன் பெரிய அண்ணனை ஸ்பிரிண்ட் கார் என்பார்கள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு, பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். ஒரு பெட்டைக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், விமலநாதனின் ஒரே மகள் கஜந்தியைத்தான் கேட்க வேண்டும். தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இரும்புக் கூடு பற்றவைத்து ஒட்டப் போக, பின்னால் போனவள், பதினெட்டு வயதில் தானே கூட்டுக்குள் ஏறிவிட்டாள். தாய் அறிந்தது உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்த பிறகு. வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. மகள் அசையவில்லை. தாயின் பிடிவாதம் மகளுக்கும் வந்திருந்தது, யாரை நோவது?

அதன் பிறகு, போன இலையுதிர் காலத்தில், குணேஸ்வரியின் பிரிவுக்கு ஒருவன் வந்து சேர்ந்தான். தெற்குப் பக்கத்துக்காரன், இருபத்தாறு வயது. வேறெங்கோ ஒரு மண்தடத்தில் டயர்ச் சுவரில் மோதியவன். கார் உருளவில்லை, எரியவில்லை. சும்மா ஒரு மோதல். "என்ர பெல்ட் எல்லாம் இறுக்கமாத்தான் இருந்தது, சிஸ்டர்" என்று அவன் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அதுதான் விஷயம். உடம்பை பெல்ட் பிடித்துக்கொண்டது. தலையைப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. கவசத்தோடு சேர்ந்த தலை முன்னால் போய், கழுத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கழுத்துக்குக் கீழே இனி அவனுக்கு ஒன்றும் சொந்தமில்லை. அவனுக்குக் கரண்டியால் சாப்பாடு தீத்துகிறவள் குணேஸ்வரி.

இதற்கு ஒரு காப்பு வந்திருந்தது. குதிரை லாடம் போல வளைந்த ஒரு கட்டித் துண்டு. அது தோளில், பெல்ட்டுக்கு அடியில் இருக்கும். அதிலிருந்து இரண்டு நாடாக்களைத் தலைக்கவசத்தில் கொளுவிவிட்டால், உடம்பு நிற்கும்போது தலையும் நிற்கும். பெரிய பந்தயக்காரர்கள் எல்லாம் போடத் தொடங்கிவிட்டார்கள். அதை வாங்கித் தருகிறேன் என்று குணேஸ்வரி மகளிடம் கெஞ்சினாள். அவள் கெஞ்சியது வாழ்க்கையில் அது ஒரு தரம்தான்.

"அம்மா, அங்கை ஒருத்தரும் போடுறேல்லை" என்றாள் கஜந்தி. "இருபத்தைஞ்சு பேருக்கை நான் ஒருத்திதான் பொம்பிளை. நான் ஒருத்திதான் கறுப்பு. நான் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு போனா என்ன சொல்லுவாங்கள்? எல்லாருக்கும் சட்டம் எண்டா நான் முதல் ஆளாய்ப் போடுவன். சத்தியமா."

சட்டம் வந்தால் பிள்ளையின் கழுத்து தப்பும். அவ்வளவுதான் கணக்கு. சட்டத்தைக் கொண்டுவரக்கூடிய மனிதர் வீட்டிலேயே இருந்தார். எட்டு வருடமாகக் கழகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் அவர். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு காரையும் தட்டிப் பார்த்து, ஓட்டுநரின் தலைக்கவசத்தில் முத்திரை ஒட்டுகிறவர். "கூட்டத்திலை கதைக்கிறன்" என்று அவர் வாக்குக் கொடுத்தார். கதைத்த லட்சணம் இப்போது மேசையில் கிடந்தது.

"நான் எதிர்த்துக் கதைக்கேல்லையப்பா" என்றார் விமலநாதன். "லோமான் எதிர்ப்பை வாசிச்சு முடிச்சிட்டு என்னைப் பாத்து, 'விமால், உன்ர கருத்து என்ன?' எண்டு கேட்டார். நான், 'நீங்கள் சரி எண்டு நினைக்கிறதைச் செய்யுங்கோ' எண்டன். வேற என்ன சொல்லுறது? எத்தனை பேருக்கு முன்னாலை?"

"ஏலாது எண்டு சொல்லுறது!"

"லோமானுக்கோ? உமக்கு மறந்து போச்சே, குணம்?"

அவளுக்கு மறக்கவில்லை. 1986இல் அகதி மனு தள்ளுபடியாகி, நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தபோது, கஜந்திக்கு ஒரு வயது. கராஜ் முதலாளி லோமான் எண்ணெய் பிரளாத ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நாலு தரம் நடந்தார். இந்த மனிதன் இல்லாமல் என் கராஜ் ஓடாது என்று மேசையில் அடித்துச் சொன்னார். கடைசியில் இருக்க விட்டார்கள். லோமான்தான் பிறகு கழகத்தின் தலைவரும். அன்றிலிருந்து விமலநாதன் அவருக்கு ஒரு நாளும் மாற்றுக் கதை கதைத்ததில்லை. செஞ்சோற்றுக் கடன் என்பார். எங்கள் சனத்துக்கு அது இரத்தத்தில் ஊறினது. உதவி செய்தவனுக்கு முன்னால் நாக்கு எழும்பாது, கை மட்டும் கும்பிடும்.

"சோறு நீங்கள் திண்டது. கடனை என்ர பிள்ளையின்ர கழுத்தாலை கட்டுறியளோ?" என்றாள் குணேஸ்வரி.

விமலநாதன் கோப்பையை மேசையில் வைத்தார். அவளுக்கு இன்னும் கொதி ஏறியது. திட்டினால் திரும்பத் திட்டுகிற புருஷன் கிடைத்தவளுக்குப் பாதிக் கோபம் அங்கேயே தீர்ந்துவிடும். இவர் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கும் அவர் ஒரு தரம்கூட இல்லை என்று சொன்னதில்லை. அவள் அதை நல்ல குணம் என்று நினைத்திருந்தாள்.

குளிர்கோட்டை எடுத்து மாட்டினாள். பஸ் பிடித்து, பிறகு நடந்து, நேரே லோமானின் கராஜுக்குப் போனாள். எழுபதைத் தொடும் மனிதர், ஒரு பழைய காரின் கீழே படுத்திருந்தார். அவர் வெளியே வருவதற்கு முன்பே அவள் டொச் பாஷையில் தொடங்கிவிட்டாள். அவருடைய காலைப் பார்த்துத்தான் முதல் ஐந்து நிமிடமும் பேசினாள். உதவி செய்தீர்கள், அதற்காக என் புருஷனின் வாயை வாங்கிவிட்டீர்களா, ஆயுள் முழுக்க அவர் உங்களுக்குத் தலையாட்ட வேண்டுமா, உங்களுக்கு முன்னால் அவர் எப்படி மறுப்பார் என்று தெரிந்துகொண்டுதானே எல்லாருக்கும் முன்னால் கேட்டீர்கள். அவளுடைய டொச்சில் பிழைகள் இருந்தன. ஆனால் விளங்காமல் போக அதில் ஒன்றும் இல்லை.

லோமான் எழுந்து, கையைத் துணியில் துடைத்தார். கோபப்படவில்லை. குழம்பிப்போய் நின்றார்.

"எதிர்ப்பு மனுவை நான் வாசித்தது, தலைவர் வாசிக்க வேண்டும் என்பது விதி என்பதால். எனக்குள்ளே காப்பு வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் நான் கராஜ்காரன். கூட்டை ஒட்டுகிறவன் விமால். அவனுடைய மகளே உள்ளே இருக்கிறாள். அதனால்தான் அவனைக் கேட்டேன். அவன் வேண்டும் என்று ஒரு சொல் சொல்வான், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவன், நீங்கள் நினைப்பதைச் செய்யுங்கள் என்றான். அப்படியென்றால் இது அவ்வளவு முக்கியமில்லை போல என்று எண்ணி, நானும் எதிர்த்துக் கை உயர்த்தினேன். என்னைப் பார்த்து அவனும் உயர்த்தினான்."

குணேஸ்வரி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பதின்மூன்று, பதினைந்து. இரண்டு கைகள் மாறியிருந்தால் போதும். ஒன்று இவருடையது, மற்றது விமலநாதனுடையது. இவர் அவரைப் பார்த்துத் தூக்கினார், அவர் இவரைப் பார்த்துத் தூக்கினார்.

"இருபது வருசத்திலை ஒரு மனுசன் உங்களுக்கு ஒருக்காலும் இல்லை எண்டு சொல்லேல்லை. உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"நான் சொல்வதெல்லாம் சரி என்பதால்தான் என்று நினைத்திருந்தேன்" என்றார் லோமான்.

சிரிக்க வேண்டிய பதில். அவளுக்குச் சுவரில் தலையை மோதலாம் போல இருந்தது. மரியாதையாம் மரியாதை! ஒருவருக்கு மரியாதை, மற்றவருக்கு நம்பிக்கை, நடுவில் பிள்ளையின் கழுத்து. வந்த கோபத்தை இறக்கிவைக்க ஒரு கெட்டவன்கூட அங்கே இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய ஆத்திரமாக இருந்தது.

வாக்கெடுப்பைத் தன்னால் மாற்ற முடியாது என்றார் லோமான். பிறகு அலுமாரியைக் கிளறி, கழக விதிப் புத்தகத்தை எடுத்து, பதினான்காம் பிரிவைக் காட்டினார். பாதுகாப்பில்லை என்று தோன்றினால், காரணத்தை எழுதிக் கையெழுத்து வைத்து, எந்த ஓட்டுநருக்கும் முத்திரையை மறுக்கத் தொழில்நுட்பப் பொறுப்பாளருக்கு அதிகாரம் உண்டு. வாக்கெடுப்பு வேண்டாம், தலைவரின் சம்மதமும் வேண்டாம். விமால் இந்தப் பிரிவை ஒரு நாளும் பாவித்ததில்லை என்றார்.

அன்று மதியம் விமலநாதனின் தட்டில் சோறு இருக்கவில்லை. விதிப் புத்தகம் இருந்தது. லோமான் சொன்னதைக் குணேஸ்வரி ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவர் விதிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தாள் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருந்ததோ?" என்று கடைசியில் கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அவளுக்கு இரக்கம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

முதல் பந்தயம் ஏப்ரல் கடைசி ஞாயிறு. மணல் அகழ்ந்த பழைய குழியொன்றில் தடம். காலை எட்டு மணிக்குச் சோதனைக் கூடாரத்துக்கு முன்னால் இருபத்தைந்து கார்கள் வரிசையில் நின்றன. குணேஸ்வரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் கார் லோமானின் மகன் யூர்கனுடையது. விமலநாதன் பிரேக்கைப் பார்த்தார், கூட்டைத் தட்டினார், பெல்ட்டை இழுத்தார். யூர்கன் முத்திரைக்குக் கவசத்தைக் குனிந்து காட்டினான்.

"காப்பு எங்கை?" என்றார் விமலநாதன்.

"அதுதான் தோற்றுப் போய்விட்டதே."

"அப்ப முத்திரை இல்லை."

யூர்கன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். விமலநாதன் படிவத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்து வைத்து நீட்டினார். அடுத்த கார். இல்லை. அதற்கடுத்தது. இல்லை. ஏழாவதாகக் கஜந்தி வந்தாள்.

"அப்பா, விசர் விளையாட்டு விளையாடாதேங்கோ. எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்."

"காப்பு இல்லை, முத்திரை இல்லை. அடுத்த ஆள்."

அவள் கையுறைகளைக் கழற்றி அவருடைய காலடியில் எறிந்துவிட்டுப் போனாள். அதற்குள் பின்வரிசை முழுவதும் கூடாரத்துக்குள் வந்துவிட்டது. இந்தச் சனியனைப் போட்டால் பக்கத்தில் வருகிறவனைப் பார்க்க முடியாது என்றான் ஒருவன். தீப்பிடித்தால் குதித்து இறங்க முடியாது என்றான் இன்னொருவன். மொத்தமான ஓர் ஆள், முகம் சிவந்து, "எங்கள் நாட்டில் எங்களுக்குச் சட்டம் சொல்ல இவன் யார்?" என்று கத்தினான்.

குணேஸ்வரி அவனுக்கு முன்னால் போய் நின்றாள். அவனுடைய நெஞ்சளவுதான் இருந்தாள்.

"உன்ர நாட்டிலைதான் உன்ர வயசுக்காரன் ஒருத்தனுக்கு நான் சாப்பாடு தீத்திறன். மூக்கிலை இலையான் மொய்ச்சா அவனாலை கலைக்க ஏலாது. நான்தான் கலைக்கிறன். நாளைக்கு நீ வந்தா உனக்கும் கலைப்பன், அது என்ர வேலை. ஆனா உனக்கு அந்த வேலை செய்ய எனக்கு விருப்பமில்லை. விளங்குதோ?"

அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். மற்றவர்கள் லோமானைத் தேடினார்கள். தலைவர் ஒரு சொல் சொன்னால் விமால் கேட்பான் என்று எல்லாருக்கும் தெரியும். லோமான் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"விமால், உன் கருத்து என்ன?" என்று கேட்டார். கூட்டத்தில் கேட்ட அதே கேள்வி.

"காப்பு இல்லாமல் ஒருத்தரையும் விடமாட்டன். நீங்கள் விடச் சொன்னாலும் விடமாட்டன்" என்றார் விமலநாதன். சொல்லிவிட்டு, ஏதோ பெரிய களவு செய்தவரைப் போல நிலத்தைப் பார்த்தார்.

லோமான் தலையசைத்தார். முத்திரை இல்லாத காருக்குக் காப்புறுதி இல்லை, காப்புறுதி இல்லாமல் பந்தயம் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். காப்புறுதி என்ற சொல்லுக்கு எதிராக அந்த நாட்டில் எவனும் மூச்சு விடமாட்டான். வாயால் திட்டிக்கொண்டே கார்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மே மாதம் விசேட கூட்டம் வைத்து, இருபதுக்கு எட்டு என்று சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கஜந்தி மூன்று கிழமை தகப்பனோடு கதைக்கவில்லை. நாலாம் கிழமை காப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, தோளில் வெட்டுகிறது, கொஞ்சம் பஞ்சு வைத்துத் தாருங்கள் என்று கேட்டாள்.

ஜூன் மாதம் பந்தயம். அன்றைக்கும் குணேஸ்வரி போனாள். எல்லாம் அவள் கேட்டபடிதான் நடந்திருந்தது. வரிசையில் நின்ற இருபத்தைந்து பேரின் தோளிலும் அந்த லாடம் இருந்தது. அந்த மொத்தமான ஆளும் போட்டிருந்தான். ஆனால் கஜந்தி கூட்டுக்குள் ஏறி பெல்ட்டை இறுக்குவதைப் பார்த்தபோது, குணேஸ்வரியால் அங்கே நிற்க முடியவில்லை. கூடாரத்துக்குள் ஓடிப்போய் விமலநாதனின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளையின்ர காருக்கு முத்திரை குடுக்காதேங்கோ."

"ஏன், என்ன பிழை?"

"பிழை ஒண்டும் இல்லை. ஏதாவது எழுதுங்கோ. பிரேக் எண்டு எழுதுங்கோ. உங்கட கையிலைதானே இருக்கு. அவ ஓட வேண்டாம். இண்டைக்கும் வேண்டாம், இனியும் வேண்டாம்."

அப்போதுதான் அவளுக்கே அது விளங்கியது. சட்டம் வேண்டுமென்று அவள் சண்டை பிடித்ததெல்லாம் மெய்தான். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது சட்டம் இல்லை. மகள் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

விமலநாதன் அவளுடைய கையை மெல்ல விலக்கினார்.

"ஏலாது குணம்" என்றார். "கார் சரியாய் இருக்கு. காப்புச் சரியாய் இருக்கு. நான் பொய் எழுதமாட்டன்."

"எனக்கோ ஏலாது எண்டு சொல்லுறியள்?"

"ஓம். உமக்குத்தான்."

அவர் போய்க் கஜந்தியின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டு நாடாவையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கவசத்தில் முத்திரையை ஒட்டி, பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். குணேஸ்வரிக்குக் கண் மண் தெரியாத கோபம். கார் நிற்கும் பக்கமாகப் பாதி தூரம் நடந்தவள், எஞ்சின்கள் இரைந்தவுடன் திரும்பி ஓடிவந்து வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். அந்தப் புழுதிக்குள் மகளின் கார் எது என்று தேடித் தேடி, வாய்க்கு வந்தபடி விமலநாதனைத் தமிழில் திட்டினாள். ஆறு சுற்றும் திட்டினாள். பந்தயம் முடிந்து, கஜந்தி தானாகக் கூட்டை விட்டு இறங்கி நாலு அடி நடக்கும்வரை நிறுத்தவில்லை.